நீளமான ஆங்கிலச் சொல்லை எங்கிருந்து பிடிப்பது?

நர்சிங் படிக்கும் பெண்ணுக்கு ‘அனஸ்தீசியா’. ஓசூர் சிப்காட்டில் வேலை தேடும் டிப்ளமோ பையனுக்கு ‘காலிப்ரேஷன்’. தோட்டக்கலை படிக்கப் பெரியகுளமோ கோவையோ போக நினைக்கும் பிளஸ் டூ பிள்ளைக்கு ‘ஹார்டிகல்ச்சரல்’. சின்னச் சொற்களை எப்படியாவது சமாளித்துவிடுகிறவர்கள்கூட நான்கைந்து அசை உள்ள சொல் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். இல்லையென்றால் எல்லா எழுத்தையும் ஒரே பலத்தில் சொல்லி ஓட்டிவிடுகிறார்கள். தருமபுரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்தச் சொற்களை எந்த முறையில் பழகினால் நேரம் வீணாகாது என்று பெற்றோரும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

நம் ஊர்களில் ஐந்து முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. சொல்லின் தலையில் தமிழில் எழுதிக்கொள்வது ஒன்று. அகராதியில் புள்ளி வைத்துப் பிரித்திருப்பதைப் பார்த்துத் துண்டு துண்டாகப் படிப்பது இன்னொன்று. அகராதியில் உச்சரிப்பைக் காட்டும் ஒலிக்குறிகளைக் கற்றுக்கொள்வது, போனில் கேட்டுத் திருப்பிச் சொல்வது, சொல்லின் வால் பகுதியைப் பார்த்து அழுத்தம் எங்கே என்று கண்டுபிடிப்பது ஆகியவை மற்ற மூன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாலில் தொடங்குங்கள், போனில் சரிபாருங்கள், மற்ற மூன்றிலிருந்தும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணங்களுக்குப் போகும் முன் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிலபிள் என்கிற அசைக்கு உயிரோசை ஒன்று வேண்டும். எத்தனை உயிரோசை காதில் விழுகிறதோ அத்தனை அசை. எழுத்தின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத ஒன்பது எழுத்து ஆகிறது, அசை ஒன்றுதான். உள்ளங்கையை மோவாயின் கீழ் வைத்துக்கொண்டு சொல்லைச் சொன்னால் தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று தெரியும். எண்ணுவதற்கு அது போதும். பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வரும், ஓர் இடத்தில் மட்டும் வழுக்கும். யாப்பில் ‘பலா’ ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அதற்கு இரண்டு அசை. குறில் அடுத்த எழுத்தோடு சேர்ந்து ஒன்றாகிற வழக்கம் அங்கே கிடையாது.

ஸ்ட்ரெஸ் என்கிற அழுத்தம் கொஞ்சம் சிக்கலானது. நீண்ட சொல்லில் ஓர் அசை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக, உரக்க, சற்றே மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறிவிடாது என்பதால் இதைக் கவனிக்க நம் காது பழகவில்லை. இன்னொரு பாதியும் உண்டு, அதைப் பல வகுப்புகளில் சொல்வதேயில்லை: ஓர் அசை ஓங்கினால் அக்கம்பக்கத்து அசைகளின் உயிரோசை மெலிந்துபோகும். ஏ, ஓ, ஆ என்ற நிறமெல்லாம் கழிந்து, வாய் சோம்பலாகத் திறந்தபோது வருகிற ஓர் ஓசையாகிவிடும். நமக்கு இது முழுக்க அந்நியமானது இல்லை. ‘காடு’, ‘பாக்கு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுகிறது. குற்றியலுகரம் படித்த பிள்ளையிடம், இடத்தைப் பொறுத்து உயிர் மெலியும் என்று புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அது சொல்லின் கடைசியில் மட்டுமல்லாமல் முதலிலும் நடுவிலும் நடக்கும் என்று சொன்னால் போதும்.

இனி அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், அகராதிகளில் போடுவதுபோல ˈ என்று மேலே ஒரு சிறு கோடு போடுகிறேன்.

தமிழில் எழுதிக்கொள்ளும் முறையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைத்தான் ஏறக்குறைய எல்லோரும் செய்கிறார்கள். பென்சிலால் மேலே ‘டெவலப்மென்ட்’ என்று எழுதினால் பயம் போய்விடுகிறது. பிள்ளை வாயைத் திறக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தத் தைரியம் பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை எதை இழக்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல் ஆங்கிலத்தில் டி-ˈவெ-லப்-மன்ட். முதல் அசை மெலிந்து இரண்டாவது ஓங்குகிறது. தமிழில் எழுதியதும் நான்கு அசைக்கும் சம உரிமை கிடைத்துவிடுகிறது, போதாக்குறைக்கு நம் வாய்ப்பழக்கம் முதல் அசையைச் சற்று தூக்கிவிடுகிறது. ‘சர்டிஃபிகேட்’ என்று நாம் எழுதுவது ச-ˈடிஃ-பி-கட். கடைசியில் ‘கேட்’ கிடையவே கிடையாது. முதல் அசையில் இயல்பாகவே அழுத்தமுள்ள சொற்கள் மட்டும் இந்த முறையில் தற்செயலாகச் சரியாக வரும்: ˈஅக்ரிகல்ச்சர், ˈசெரிகல்ச்சர், ˈமெயின்டனன்ஸ்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இதையே அந்த எழுத்துகளில் எழுதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வல்லின வேறுபாடு எழுத்திலேயே இருப்பதால் மெய்யோசையில் நம்மைவிடத் துல்லியம் கிடைக்கிறது. நமக்கு ஒரே ‘க’ மூன்று ஓசைக்கு வேலை செய்கிறது. அழுத்தம் மட்டும் அவர்களுக்கும் கிடைப்பதில்லை. தமிழில் எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரு திருத்தம் செய்யுங்கள்: ஓங்கும் அசையைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுங்கள், மற்றதைச் சின்னதாக எழுதுங்கள். அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது அகராதிப் புள்ளி. பழைய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் சொல்லை அசை பிரிக்கும் கேள்வி இருந்தது. அதனால் முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு இந்த முறைமேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. எங்கே வெட்டினால் சரி என்று என்னிடம் வாதாடுகிறவர்களும் உண்டு. இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லுக்கு நடுவே வரும் புள்ளிகள், அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்ட வந்தவை. வரி ஓரத்தில் ஒற்றை எழுத்தைத் தனியாக விடக் கூடாது என்பது அச்சு மரபு. அதனால் அங்கே ‘எலக்ட்ரிசிட்டி’ நான்கு துண்டாக இருக்கும். வாயில் அதற்கு ஐந்து அசை: இ-லெக்-ˈட்ரி-ச-டி. ‘எகானமி’ மூன்று துண்டு, வாயில் நான்கு. புள்ளியை எண்ணி அசை சொல்லும் பிள்ளை தவறாகச் சொல்லும், அகராதியைக் காட்டித் தன் விடை சரி என்றும் சொல்லும்.

வெட்டும் இடத்திலும் ஒற்றுமை இல்லை. ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லைப் பிரிட்டிஷ் அச்சு மரபு வேர்ச்சொல் முடியும் இடத்தில், அதாவது டபிள்யூ எழுத்துக்குப் பின் உடைக்கும். அமெரிக்க மரபு ஓசையைப் பார்த்து எல் எழுத்துக்குப் பின் உடைக்கும். ஒலியியல் அறிஞர்களுக்குள்ளும் இதே நிலைதான். இரண்டு உயிருக்கு நடுவில் நிற்கும் மெய்யை இயன்றவரை அடுத்த அசையோடு சேர்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இரண்டில் எந்த அசை ஓங்குகிறதோ அதனோடு சேர்க்க வேண்டும் என்பது, 1990ல் லாங்மன் உச்சரிப்பு அகராதியைத் தொகுத்த ஜே. சி. வெல்ஸின் வழி. அவர்களே ஒத்துப்போகாத இடத்தில், பாலக்கோட்டுப் பிள்ளையின் நோட்டில் கோடு ஓர் எழுத்து தள்ளி விழுந்தால் குடி முழுகிவிடாது. பேசுகிறவருக்கு வேண்டியவை இரண்டே: மொத்தம் எத்தனை அசை, அதில் எது ஓங்குகிறது.

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் சொல்லின் வால் பதில் சொல்கிறது. நீளச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்கம் வழியாக வந்தவை. அவற்றின் அழுத்தம் கடைசிப் பகுதியைப் பொறுத்து அமைகிறது. நாம் தலையிலிருந்து எழுத்துக்கூட்டிக்கொண்டு போய் நடுவில் மூச்சு வாங்குகிறோம். சேர வேண்டிய இடமோ கடைசியிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இருக்கிறது.

‘ஷன்’ என்று முடிகிற சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். டி-ஐ-ஓ-என் என்றோ எஸ்-ஐ-ஓ-என் என்றோ எழுதினாலும் ஒன்றுதான். அதற்கு நேர் முந்திய அசையில் அழுத்தம். இர்-ரி-ˈகே-ஷன், பா-லி-ˈனே-ஷன், கா-லி-ˈப்ரே-ஷன், இன்-ˈஸ்பெக்-ஷன், சர்-டி-ஃபி-ˈகே-ஷன். சொல் எவ்வளவு நீண்டாலும் இடம் மாறாது. ‘டெலிவிஷன்’ போல முதலசையில் அழுத்தும் ஒன்றிரண்டை மட்டும் தனியாக நினைவில் வைத்தால் போதும். ‘இக்’ என்று முடிந்தாலும் அதற்கு முந்திய அசைதான்: எ-க-ˈனா-மிக், ட-ய-ˈபெ-டிக், சை-யன்-ˈடி-ஃபிக். விலக்குகள் இங்கே கொஞ்சம் உண்டு: ˈஅரபிக், ˈகாத்தலிக், ˈபாலிடிக்ஸ், ˈலூனடிக், பெயர்ச்சொல்லாக வரும் அ-ˈரித்-ம-டிக். ‘இட்டி’ என்று முடிகிறவை இன்னும் ஒழுங்கானவை, இங்கேயும் அதற்கு முந்திய அசைதான்: ஹ்யூ-ˈமி-டி-டி, க-ˈபா-ச-டி, யூ-னி-ˈவர்-ச-டி, ப்ரா-டக்-ˈடி-வ-டி. ‘லஜி’, ‘க்ரஃபி’, ‘நமி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: ஜி-ˈஆ-ல-ஜி, ஃப-ˈடாக்-ர-ஃபி, அ-ˈக்ரா-ந-மி, ஃபார்-ம-ˈகா-ல-ஜி.

இந்த முறையின் உண்மையான பலன் சொற்குடும்பத்தில்தான் தெரியும். ˈஃபோ-ட-க்ராஃப், ஃப-ˈடாக்-ர-ஃபர், ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். எழுத்து அதேதான், வால் மாறமாற அழுத்தம் இடம்பெயர்கிறது. அது விலகிய இடத்தில் உயிர் மெலிகிறது. நர்சிங் மாணவிகளுக்கு நான் கொடுக்கும் குடும்பம் இது: அ-னஸ்-ˈதீ-சியா, அ-னஸ்-ˈதெ-டிக், அ-ˈனீஸ்-த-டிஸ்ட். மூன்றையும் ஒரே மாதிரி அழுத்திச் சொன்னால் மருந்தைச் சொல்கிறாளா மருத்துவரைச் சொல்கிறாளா என்று வெளிநாட்டவருக்குக் குழப்பம் வரும். நம் மாவட்டத்துக்குப் பழக்கமான சொற்களிலும் இதே ஆட்டம் உண்டு: ˈஅக்ரிகல்ச்சர் என்று முதலில் ஓங்கியது அக்ரி-ˈகல்-ச்ச-ரல் ஆகும்போது நடுவுக்கு வருகிறது, ˈஹார்டிகல்ச்சரும் ஹார்டி-ˈகல்-ச்ச-ரலும் அப்படியே. ˈகா-லி-ப்ரேட் என்ற வினை ‘ஷன்’ சேர்ந்ததும் கா-லி-ˈப்ரே-ஷன் ஆகிறது.

சில வால்கள் எதையும் அசைக்காது. ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘லி’, ‘இங்’, ‘ஃபுல்’ சேர்ந்தால் மூலச் சொல்லின் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். ˈமானேஜ் என்றால் ˈமானேஜ்மென்ட்; டி-ˈவெலப் என்றால் டி-ˈவெலப்மென்ட். சில வால்கள் அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்: எஞ்சி-ˈனியர், வாலன்-ˈடியர், ஜாப்ப-ˈனீஸ், ட்ரெய்-ˈனீ. எஞ்சினியர் கடைசியில் ஓங்குவதாலும் ‘இங்’ எதையும் மாற்றாததாலும் எஞ்சி-ˈனியரிங். இப்படி ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லைத் தானே ஊகித்துச் சொல்ல முடிகிறபோது பிள்ளையின் முகம் மலர்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. மனப்பாடத்தில் அந்த மகிழ்ச்சி கிடைப்பதில்லை.

குறையும் உண்டு. வாலே இல்லாத சொற்களில் இந்த முறைக்கு வேலை இல்லை: ˈஹாஸ்பிடல், ˈசிலிண்டர், ˈகாரக்டர். ‘வெஜிடபிள்’ என்று நாம் நான்காகச் சொல்வது ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் வாயில் மூன்றாகச் சுருங்குவதை எந்த விதியும் முன்கூட்டிச் சொல்லாது. பிரிட்டனும் அமெரிக்காவும் பிரியும் சொற்களும் இருக்கின்றன. ‘மென்ட்’ விதியை மீறும் ‘அட்வர்டைஸ்மென்ட்’ பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட். அமெரிக்காவில் அட்-வர்-ˈடைஸ்-மன்ட் என்பது அதிகம். ‘லபாரட்டரி’ பிரிட்டனில் இரண்டாம் அசையில், அமெரிக்காவில் முதலசையில். இவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஒலிக்குறி முறை இந்த ஐந்தில் மிகத் துல்லியமானது. பாரிஸில் 1886ல் தொடங்கிய சர்வதேச ஒலியியல் கழகத்தின் குறிகளைத்தான் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதிகள் பயன்படுத்துகின்றன. அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மட்டும் ஏறத்தாழ 44 ஒலிகள், அத்தனைக்கும் குறி. ஆங்கில எழுத்துக்கே திணறும் பிள்ளைக்கு இன்னொரு எழுத்து வரிசையைக் கொடுப்பது நியாயமில்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிப்பவரும் ஆசிரியர் பயிற்சியில் இருப்பவரும் முழுவதும் கற்கட்டும். மற்றவர்கள் மூன்று குறிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஓங்கும் அசைக்கு முன் வரும் மேல்கோடு, அதற்கடுத்த பலமுள்ள அசைக்கு வரும் கீழ்க்கோடு, மெலிந்த உயிருக்கு வரும், ஆங்கில e எழுத்தைத் தலைகீழாக்கிய ə குறி. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தச் சொல்லானாலும் அகராதியைத் திறந்த நொடியில் விடை கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: சில அமெரிக்க அகராதிகள் கோட்டை ஓங்கும் அசைக்குப் பின்னால் போடுகின்றன. ஒரே அகராதியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. சொல்லைத் தேடி ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் சொல்கிறது; மெதுவாகவும் சொல்கிறது. இதையே ஒரே முறையாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாத காதுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. ‘டெவலப்மென்ட்’ என்று மனத்தில் பதிந்தவர் போன் டி-ˈவெலப்மன்ட் என்று சொன்னாலும் தன் பழைய சொல்லையே கேட்கிறார். மெதுவாக ஓடவிட்டால் மெலிந்த அசைகளும் இழுபட்டு, எது ஓங்குகிறது என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. முதலில் வாலைப் பார்த்து நீங்களே ஓர் அசையில் கோடு போடுங்கள், பிறகு இயல்பான வேகத்தில் கேளுங்கள். விடை தெரிந்துகொள்ள ஏங்கும் காது கூர்மையாகக் கேட்கும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சால், இந்தியர்களின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969ல் வெளியிட்டார். பிரிட்டிஷ்காரர்களுக்குப் புரியாமல் போவதற்குத் தவறான சொல்லழுத்தம் ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் கண்டது. 2000ல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். ஆங்கிலம் தாய்மொழியில்லாத இருவர் பேசிக்கொள்ளும்போது மெய்யோசைகளும் உயிரின் நீளமும் வாக்கியத்தில் எந்தச் சொல் ஓங்குகிறது என்பதும்தான் புரிதலைத் தீர்மானிக்கின்றன என்றார். சொல்லழுத்தத்தைக் கட்டாயப் பட்டியலில் அவர் சேர்க்கவில்லை. எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்பவர் யார் என்பதுதான் வேறுபடுகிறது.

ஆகவே ஓசூரில் இன்டர்வியூ போகிற பையன் அழுத்தத்தை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். கேட்பவர் பெரும்பாலும் தமிழரோ கன்னடரோ இந்திக்காரரோதான். தன் தொழிலில் அடிக்கடி வரும் இருபது முப்பது சொற்களை அசை விழுங்காமல், கடைசி மெய்க்குப் பின்னால் உகரம் சேர்க்காமல் சொன்னால் போதும். ‘ஷன்’, ‘இட்டி’ விதிகள் இரண்டும் தெரிந்தால் கூடுதல் பலம். பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக நினைக்கும் நர்சின் கணக்கு வேறு. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில் சொல்வது புரிகிறதா என்பதே ஓர் அளவுகோல், அதில் அழுத்தமும் அடங்கும். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் பொது ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்குக் கால்பங்கு மதிப்பெண். அவர்கள் வால் விதிகளை முழுக்கப் படித்து, மூன்று குறிகளையும் பழகி, மருந்து, நோய், கருவிப் பெயர்களைக் குடும்பம் குடும்பமாக எழுதிப் போனில் சரிபார்க்க வேண்டும். பணமும் நேரமும் போடத் தகுதியான இடம் அதுதான்.

பள்ளி ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. பென்னாகரமோ ஊத்தங்கரையோ, ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் போனும் முடியாது, ஒலிக்குறியும் முடியாது. கைதட்டல் முடியும். சொல்லைக் கரும்பலகையில் எழுதி வாலுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். எத்தனை அசை என்று எல்லோரும் மெதுவாகத் தட்டட்டும், பிறகு ஓங்கும் அசையில் பலமாக ஒரு தட்டு, மற்றதில் விரல் மட்டும். ‘ஷன்’ முடிந்த பிறகு ‘இட்டி’, அது வாயில் நின்ற பிறகு ‘இக்’, அதற்குப் பின்தான் ‘லஜி’, ‘க்ரஃபி’. எதையும் மாற்றாத ‘மென்ட்’, ‘இங்’ வகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். விலக்குகளை முதல் நாளே கொட்டிவிடாதீர்கள். ‘அரித்மெடிக்’ பாடத்தில் வரும் அன்று சொன்னால் போதும். இந்த வரிசையில் போனால் பாடப்புத்தகத்தில் வரும் நீளச் சொற்களில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் உங்களைக் கேட்காமலே வாசிப்பார்கள்.